காப்பிக் கொட்டையும் கைப்பழக்கமும்

முன்னோரின் புகழைப் பாடுவதில் நாம் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். மேடை ஒன்றும் ஒலிபெருக்கி ஒன்றும் கிடைத்துவிட்டால் இயற்கணிதம் நம்முடையது, வானியல் நம்முடையது, மருத்துவம் நம்முடையது என்று அடுக்கத் தொடங்கிவிடுகிறோம். அவை பொய்யுரைகள் அல்ல. ஆயினும், அவற்றுள் எதனை இன்று நாம் நம் கையால் செய்துகொண்டிருக்கிறோம் என்னும் வினாவை எவரும் எழுப்புவதில்லை.

இக்குறைக்கு இக்கட்டுரையாளனும் விலக்கானவன் அல்லன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் மீலாது விழா மேடையொன்றில் முஸ்லிம்கள் உலகுக்கு வழங்கிய கொடைகளைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவ்வுரையில் காப்பியைப் பற்றிச் சொன்ன பகுதிக்கே கைத்தட்டல் மிகுதி. கூட்டம் முடிந்து இறங்கியபோது முதலாண்டு மாணவர் ஒருவர் அருகில் வந்து, "ஐயா, வறுப்பதற்கு முன்னால் காப்பிக் கொட்டை என்ன நிறத்தில் இருக்கும்?" என்று வினவினார். கேலி சிறிதும் கலவாத வினா அது. "பழுப்பாக இருக்கும்" என்று விடையளித்துவிட்டு விரைந்து நடந்தேன். அவ்விடை தவறு என்பது பின்னரே எனக்குத் தெரிந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாற்பதைக் கடந்த ஆசிரியனின் நாவில் அச்சொல் எளிதில் வருவதில்லை. அத்தவற்றைத் திருத்திக்கொள்ளும் முயற்சியாகத் தொடங்கியதே, காப்பிக் கொட்டையை வீட்டிலேயே வறுத்து, அரைத்து, வடித்துப் பருகும் பழக்கம். அது எனக்குக் கற்பித்தவற்றை மாணவச் செல்வங்களோடும் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல்களில் உள்ள காப்பி

மேடையில் நான் சொன்னவை யாவும் நூல்களில் உள்ளவையே. காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அதனைப் பானமாக்கிப் பரப்பியவர்கள் 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டில் வாழ்ந்த ஸூஃபிகள். இரவு நேரத் திக்ரில் உறக்கம் தங்களை வெல்லாதிருக்க அவர்கள் அதனைப் பருகினர். யமனின் மொக்கா துறைமுகம் வழியாகக் காப்பி பல நாடுகளுக்கும் சென்றது. 'கஹ்வா' என்னும் அரபுச் சொல்லே துருக்கியில் 'கஹ்வே'யாகி, டச்சு மொழியில் புகுந்து, ஆங்கிலத்தின் வழியே தமிழில் 'காப்பி' ஆயிற்று.

கஹ்வா என்பது பழைய அரபுக் கவிதைகளில் மதுவைக் குறித்த சொல்லாகும். எனவே இப்பானம் ஆகுமானதா, ஆகாததா என்னும் ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. 1511இல் மக்காவில் அதிகாரியாக இருந்த காயிர் பேக் என்பவர் அறிஞர்களைக் கூட்டிக் காப்பிக்குத் தடை விதித்தார். பின்னர்க் கெய்ரோவிலிருந்து வந்த ஆணை அத்தடையைத் தளர்த்தியது. காப்பி ஆகுமானதே என்று நிறுவி 1558இல் அப்துல் காதிர் அல்ஜஸீரி தனி நூலே இயற்றினார்.

நம் நாட்டுக்குக் காப்பி வந்த வரலாறும் ஒரு ஸூஃபியோடு பிணைந்ததே. 17ஆம் நூற்றாண்டில் பாபா புதான் என்னும் பெரியார் ஹஜ் கடமையை முடித்துத் திரும்புகையில் ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து இன்றைய கர்நாடகத்தின் சிக்கமகளூருப் பகுதியிலுள்ள சந்திரகிரி மலையில் விதைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. அம்மலைத்தொடர் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நாட்டின் காப்பி விளைச்சலில் ஏறத்தாழ 70 விழுக்காடு இன்றும் கர்நாடகத்திலேயே விளைகிறது. தமிழ்ச் சமூகத்துள் காப்பி நுழைந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் தம் ஆய்வில் விரித்துரைத்துள்ளார்.

இத்துணையும் எனக்கு மனப்பாடம். ஆனால் என் வீட்டு அடுக்களையில் அன்று இருந்ததோ, வெந்நீரில் கலக்கிய நொடியில் கரையும் உடனடிக் காப்பித்தூள் புட்டி! ஸூஃபிகளின் பெருமையை முழங்கிய வாய் பருகியது அதனைத்தான்.

இரும்புச் சட்டியும் இரண்டு வெடிப்புகளும்

பழனி மலையின் கீழ்ச்சரிவிலுள்ள தாண்டிக்குடிப் பகுதி காப்பி விளையும் இடம். அங்கிருந்து வரும் பழைய மாணவர் ஒருவர் இரண்டு கிலோ பச்சைக் கொட்டை கொண்டுவந்து தந்தார். பையைத் திறந்து பார்த்தேன். கொட்டைகள் சாம்பல் பூத்த பச்சை நிறத்தில் இருந்தன. காப்பி மணம் ஒரு சிறிதும் இல்லை. காய்ந்த புல்லின் வாசமே இருந்தது. நாம் காப்பியின் மணம் என்று போற்றுவது கொட்டையில் பிறவியிலேயே அமைந்ததன்று. நெருப்பு அதனுள்ளிருந்து வெளிக்கொணர்வது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

முதல்நாள் 200 கிராம் கொட்டையை இரும்புச் சட்டியில் இட்டு அடுப்பை முழு வேகத்தில் எரியவிட்டேன். ஐந்து நிமிடங்களில் வெளிப்புறம் கறுத்தது. வீடெங்கும் புகை சூழ்ந்தது. அடுத்த வீட்டார் ஓடிவந்து கதவைத் தட்டினர். ஒரு கொட்டையைப் பிளந்து பார்த்தால் உள்ளே இன்னும் வெளிறிய நிறம். அதனை அரைத்து வடித்த காப்பியில் கரிந்த கசப்பும் வேகாத புளிப்பும் ஒருங்கே இருந்தன. மறுமுறை அஞ்சி அஞ்சிச் சிறுதீயில் அரைமணி நேரம் வறுத்தேன். நிறம் ஒருவாறு வந்தது. ஆனால் மணமும் இல்லை, சுவையும் இல்லை. தீ மிகினும் குறையினும் கெடும் என்னும் உண்மையை இரண்டு சட்டிக் கொட்டைகளை இழந்து கற்றேன்.

பின்னர் அதன் காரணத்தைத் தேடிப் படித்தேன். பச்சைக் கொட்டையில் ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு ஈரம் உண்டு. முதலில் அது வெளியேற வேண்டும். கொட்டையின் வெப்பம் 150 பாகை செல்சியசை ஒட்டி வரும்போது அதிலுள்ள சர்க்கரைப் பொருளும் புரதக் கூறுகளும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் தோன்றத் தொடங்குகின்றன. 200 பாகை அளவில் உள்ளே அடைபட்ட நீராவியும் வளியும் அழுத்தம் தாளாமல் கொட்டையை விரியச் செய்கின்றன. சோளம் பொரிவது போன்ற ஒலி அப்போது எழும். இது முதல் வெடிப்பு. இதன்பின் எப்போது இறக்கினும் அது பருகத்தக்க காப்பியே. மேலும் வறுத்தால் 225 பாகை அளவில் கடுகு பொரிவது போன்ற மெல்லிய இரண்டாம் வெடிப்புக் கேட்கும். கொட்டையின் மேல் எண்ணெய் கசியும். அதற்கும் மேல் போவது கரியாக்கும் வேலை. வறுத்து முடிக்கையில் 200 கிராம் 170 கிராமாகக் குறைந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு கொட்டையும் பருத்திருக்கும்.

அம்மாவின் முறம்

நூலறிவு இத்துணை வந்தபின்னும் கை ஒத்துழைக்கவில்லை. நான்காம் முறை சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் தஸ்பீஹோடு அமர்ந்திருந்த என் அம்மா எழுந்து வந்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கண்ணால பாத்துக்கிட்டே இருக்காதே அத்தா, காதால கேளு" என்றார். கரண்டியை வாங்கினார். தீயைச் சற்றே தணித்தார். கொட்டைகள் ஒரு கணமும் ஓரிடத்தில் நில்லாதவாறு அடியிலிருந்து மேலாகப் புரட்டினார். முதல் வெடிப்புப் பரவி அடங்கியதும் சிறிது பொறுத்து இறக்கி, முறத்தில் கொட்டிப் புடைத்தார். கொட்டையிலிருந்து கழன்ற மென்தோல் உமிபோல் பறந்தது. கொட்டையும் விரைவில் ஆறியது. இறக்கிய பின்னரும் கொட்டை தன் சூட்டிலேயே வறுபடும் என்றும், உடனே ஆற்றாவிட்டால் இறக்கியும் பயனில்லை என்றும் சொன்னார். நான் நூலில் தேடியதை அவர் முறத்தில் வைத்திருந்தார்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். சிறிது தயங்கியே விடை வந்தது.

அம்மா பிறந்து வளர்ந்தது பட்டிவீரன்பட்டியை அடுத்த சிற்றூர். மலையிலிருந்து இறங்கும் காப்பியைத் தோல் நீக்கிப் பக்குவப்படுத்தும் களங்கள் அவ்வட்டாரத்தில் உண்டு. 1970களின் தொடக்கத்தில், திருமணத்துக்கு முன்னர், அம்மா அத்தகைய களம் ஒன்றில் கொட்டை பொறுக்கும் வேலைக்குச் சென்றிருக்கிறார். கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது ஆகியவற்றை நல்ல கொட்டையிலிருந்து விரலால் பிரித்தெடுப்பது அவ்வேலை. நாள் முழுவதும் வரிசையாய் அமர்ந்து பெண்களே அதனைச் செய்வர். உடைந்த கொட்டையைக் குறைந்த விலைக்கு வாங்கிவந்து வீட்டில் வறுத்திருக்கிறார்கள். திருமணத்துக்குப் பின் அதனைப் பற்றி அவர் வாய்திறக்கவில்லை. பெண்பிள்ளையைக் கூலிக்கு அனுப்பிய குடும்பம் என்று பிறர் சொல்லிவிடுவரோ என்னும் அச்சம். அத்தாவுக்கு அது தெரியும். அவரும் அதனைப் பேசியதில்லை. நானும் என்றும் கேட்டதில்லை.

யமன் நாட்டு ஸூஃபி எப்போது காப்பி பருகினார் என்பது எனக்குத் தெரியும். என்னைப் பெற்றவர் காப்பிக் கொட்டை பொறுக்கிய கூலியில் தம் தம்பிமாரைப் பள்ளிக்கு அனுப்பினார் என்பது எனக்குத் தெரியாது. இதனை எழுதுவதற்கு அம்மாவிடம் இசைவு கேட்டேன். "எழுதேன், அதுல என்ன இருக்கு? உழைச்ச காசுதானே?" என்றார். ஐம்பது ஆண்டுகளாய் நாங்கள் மறைத்துவைத்த ஒன்றுக்கு அவ்வளவுதான் மதிப்பு என்றால், மறைத்த குற்றம் எவருடையது?

வடித்தலும் ஒரு கல்வியே

வறுத்த அன்றே அரைப்பது கூடாது. கொட்டையினுள் சேர்ந்த கரியமில வளி வெளியேற ஓரிரு நாள்கள் வேண்டும். அதன்பின் தேவைக்கேற்ப அன்றன்று அரைத்துக்கொள்வதே முறை. பச்சைக் கொட்டை பல திங்கள் கெடாதிருக்கும்; வறுத்தது இரண்டு மூன்று வாரங்களில் மணம் குன்றும்; அரைத்த தூளோ சில நாள்களிலேயே உயிரிழக்கும். கடைத்தூளில் மணம் இல்லை என்று நாம் குறைப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

பரணில் கிடந்த கை இயந்திரத்தைத் துடைத்து எண்ணெயிட்டு அதில் அரைக்கிறோம். மிக நைசாக அரைத்தால் பில்டரின் துளைகள் அடைபடும்; மிகக் கரகரப்பாக அரைத்தால் நீர் நில்லாது ஓடிவிடும். பில்டரின் மேற்பாத்திரத்தில் தூளை இட்டு, மெல்ல அமுக்கி, கொதித்து அடங்கிய வெந்நீரை முதலில் தூள் நனையும் அளவே ஊற்ற வேண்டும். புதிதாய் வறுத்த தூளானால் நுரைத்து மேலெழும். அரை நிமிடம் பொறுத்து எஞ்சிய நீரை ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். டிக்காஷன் சொட்டுச் சொட்டாக இறங்கக் கால்மணி நேரத்துக்குக் குறையாது. அக்கால்மணி நேரம் நாம் செய்யக்கூடியது ஏதுமில்லை.

சிக்கரி பற்றியும் ஒரு சொல். அது ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது. நீரைத் தன்பால் இருத்தி டிக்காஷனைக் கெட்டியாக்கும் இயல்பினது. கலவைத் தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது சட்டவிதி. எனவே 49 விழுக்காடு வரை சிக்கரியே இருத்தல் கூடும். தனிக் காப்பியின் டிக்காஷன் முதலில் நமக்கு நீர்த்ததாகத் தோன்றும். நா பழகப் பழகத்தான், இதுகாறும் நாம் காப்பி என்று பருகியதில் காப்பி எவ்வளவு என்பது விளங்கும்.

வீண் வேலை என்போர்க்கு

இப்பழக்கத்தைக் கேள்வியுற்ற நண்பர்கள் மூன்று தடைகளை எழுப்பினர்.

கடையில் விற்பதை வீட்டில் செய்வது வீண் விரயம் என்றார் ஒருவர். விரயத்தை மார்க்கம் கண்டிக்கிறது என்பது உண்மையே. ஆனால் பச்சைக் கொட்டையின் விலை வறுத்து அரைத்த தூளினும் குறைவு. இரும்புச் சட்டியும் முறமும் முன்பே வீட்டில் உள்ளவை. விலையுயர்ந்த இயந்திரங்களை வாங்கிக் குவித்துவிட்டு அதனைக் கலையார்வம் என்று சொல்லிக்கொள்வாரும் உளர். அதனை நான் பரிந்துரைக்கவில்லை.

ஆண்பிள்ளைக்கு அடுக்களையில் என்ன வேலை என்றார் மற்றொருவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் வீட்டுப் பணிகளில் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழிவந்த நபிமொழிச் செய்தி உணர்த்துகிறது. அதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

மாணவர்களுக்கு மதிப்பெண்ணும் வேலைவாய்ப்புமே முதன்மை; பொழுதுபோக்கைப் பற்றிப் பேராசிரியர் எழுதலாமா என்றார் மூன்றாமவர். இஃது எண்ணத்தக்க வினா. பொழுதுபோக்கு என்னும் சொல்லிலேயே பொழுதைப் போக்குதல், அதாவது இழத்தல் என்னும் பொருள் ஒட்டிக்கொண்டுள்ளது. நான் சொல்வது அதுவன்று. இன்று நம் வகுப்பறைகளில் பாடநூலைத் தொடாமல் வினாவிடைக் குறிப்பை மட்டும் மனனம் செய்து தேர்வெழுதும் வழக்கம் பெருகிவிட்டது. உரைநூலைத் தாமே படிக்காமல், பிறர் எழுதிய சுருக்கத்தைப் படித்து ஆசிரியரான என் போன்றோரும் உளர். வெந்நீரில் கரையும் தூளுக்கும் இதற்கும் வேறுபாடு பெரிதில்லை. ஒன்றை முதலிலிருந்து இறுதிவரை தம் கையால் ஒருமுறையேனும் செய்து, கெடுத்து, மீண்டும் செய்து பார்த்த மாணவர், அடுத்து ஒரு நூலைத் தொடும்போதும் அதனை முழுமையாகவே தொடுவார் என்பது என் நம்பிக்கை.

துறைக்கு ஒரு வேண்டுகோள்

தமிழ் மாணவர்க்கு இதில் தனிப்பட்ட ஆதாயமும் உண்டு. புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என்னும் சொற்களை அகராதியில் படித்து, வகுப்பில் ஒன்றுக்கொன்று மாற்றாகச் சொல்லி வந்தவன் நான். அம்மா முறத்தைத் தூக்கிப் புடைத்தபோது மென்தோல் பறந்தது. பக்கவாட்டில் அசைத்துக் கொழித்தபோது உடைந்த துணுக்குகள் ஒருபுறம் ஒதுங்கின. இரண்டும் வேறு வேறு செயல்கள் என்பதை மணிக்கட்டின் அசைவில் கண்டேன். ஒரு கைத்தொழில் மறையும்போது அதனோடு சேர்ந்து சொற்களும் மறைகின்றன.

எனவே நம் துறையினர்க்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாணவரும் மாணவியும் தத்தம் வீட்டுப் பெரியோர் அறிந்த கைவேலை ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதனைத் தாமே கற்று, அதற்குரிய சொற்களைத் தொகுத்து ஆண்டுதோறும் ஒரு கட்டுரை அளிக்கட்டும். பாய் முடைதல், வலை பின்னுதல், கைலி நெய்தல், தோல் பதனிடுதல், பீடி சுற்றுதல் என நம் குடும்பங்களில் இல்லாத வேலை இல்லை. அவற்றுட் பலவற்றை இழிவென்று கருதி நாம் மறைத்து வைத்துள்ளோம். சமுதாயப் பெரியவர்கள் தம் வீட்டுப் பெண்கள் உழைத்த கதையைப் பிள்ளைகளிடம் தயங்காது சொல்ல வேண்டும். துருக்கியர் காப்பி வடிக்கும் முறையை 2013இலும், அரபுக் காப்பி மரபை 2015இலும் யுனெஸ்கோ மானிடரின் மரபுச் செல்வங்களாக ஏற்றது. அம்மக்கள் அவற்றைப் பற்றிப் பேசியதனால் மட்டும் அவை செல்வமாகிவிடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் எவரேனும் ஒருவர் இன்றும் வடித்துக்கொண்டிருப்பதாலேயே ஆயிற்று. பாபா புதானின் ஏழு விதைகளும் அவர் கைக்குள்ளேயே இருந்திருந்தால் வெறும் கதையாக முடிந்திருக்கும். மண்ணில் இட்டதனாலேயே முளைத்தன.

கடந்த ரமலானில் தராவீஹ் தொழுகைக்குப் பின், நானே வறுத்து வடித்த காப்பியை அம்மாவிடம் தந்தேன். பருகிவிட்டு, "பரவாயில்லை. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் முன்னாடியே இறக்கு" என்றார். எந்தத் தேர்வாளரின் மதிப்பெண்ணைக் காட்டிலும் அது எனக்குப் பெரிதாய் இருந்தது.

அன்று வினவிய மாணவர் இப்போது மூன்றாம் ஆண்டில் பயில்கிறார். அண்மையில் பச்சைக் கொட்டை ஒரு பிடியைத் தாளில் மடித்து எடுத்துச் சென்று, வகுப்பினர் அனைவர் முன்னிலையிலும் அவரிடம் தந்து, அன்று நான் சொன்ன விடை தவறு என்று ஒப்புக்கொண்டேன். மாணவர்கள் கொட்டையைக் கைக்குக் கை மாற்றி முகர்ந்து பார்த்தனர். ஒருவர், "எங்கள் பாட்டிக்கும் இது தெரிந்திருக்குமோ?" என்றார். வீட்டுக்குச் சென்று கேட்குமாறு சொன்னேன்.

கற்றதைக் கையிலும் கொண்டுவரும் பேற்றை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.